பணக் கணக்கு வகுப்புக்கு ஒரு சோதனை உறை தயாரித்த பதிவு

ஒருவழியாக இந்தப் பள்ளித் தவணையில் என் பணக் கணக்குச் சோதனை வேலை செய்தது. சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் சனிக்கிழமை காலை நடக்கும் இலவசத் துணைப்பாட வகுப்பில், உயர்நிலை மூன்று படிக்கும் 14 பிள்ளைகளுக்குப் பணம் சம்பந்தப்பட்ட கணக்கை மட்டும் தனியாக எடுத்து நடத்துகிறேன். வட்டி, தவணைக் கொள்முதல், ஜிஎஸ்டி, மசேநி (சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி), நாணய மாற்று, இவ்வளவுதான். நடத்துவது பெரிய விஷயமில்லை. நடத்தியது உள்ளே இறங்கியதா என்று கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்வதற்குத்தான் உயிர் போனது. எங்கே உடைந்தது, எப்படிச் சரி செய்தேன், என்ன செலவானது என்று எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வகுப்பு எடுக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவதைவிட இது மேல்.

நான் ஆசிரியர் இல்லை. ஜூரோங்கில் அழுத்தமானி, வெப்பமானி போன்ற கருவிகளின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. கல்வியியல் சொற்கள் எதுவும் என்னிடம் கிடையாது. பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் மானி நடுவில் தப்பாகக் காட்டும், ஆகவே ஒரு புள்ளியில் மட்டும் சோதித்துவிட்டு முத்திரை ஒட்டக் கூடாது என்பது மட்டும் தெரியும். வகுப்பிலும் அதே பழக்கத்தோடுதான் இறங்கினேன்.

முதலில் வழக்கமான வினாத்தாள்தான் போட்டேன். பத்துக் கேள்வி, முப்பது நிமிடம், பிராஸ் பசாவில் வாங்கிய பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து எண்களை மட்டும் மாற்றியது. 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூட்டு வட்டியில் பத்து ஆண்டு விட்டு வைத்தால் எவ்வளவு ஆகும்? 12,800 வெள்ளி 85 காசு என்று கிட்டத்தட்ட எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2.5 என்பது மசேநி சாதாரணக் கணக்கின் வட்டி என்பதால்தான் அந்த எண்ணைப் போட்டேன், ஆனால் அதை யாரும் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து எனக்கே சந்தோஷம். தாளைக் கட்டி வைக்கும்போது சும்மா வாய்க்கணக்காகக் கேட்டேன்: உணவகத்தில் 48 வெள்ளிக்குச் சாப்பிடுகிறீர்கள், பட்டியலில் பிளஸ் பிளஸ் என்று போட்டிருக்கிறது, எவ்வளவு கொடுப்பீர்கள்?

52.32 என்றார்கள். 52.80 என்றார்கள். பெரும்பாலோர் பத்தையும் ஒன்பதையும் கூட்டி 19 விழுக்காடு போட்டு 57.12 என்றார்கள். முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அது சேர்ந்த தொகையின் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 57.55 வெள்ளி. வித்தியாசம் 43 காசுதான், அதற்காக யாரும் ஏழையாகிவிடப் போவதில்லை. ஆனால் சற்று முன்புதான் விழுக்காட்டுக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளைகள் இவர்கள்.

வீட்டுக்கு வந்து தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால் காரணம் அப்பட்டமாகத் தெரிந்தது. என் கேள்விகளில் தேவையான எண்கள் எல்லாம் இருந்தன, தேவையில்லாத எண் ஒன்றுகூட இல்லை. கேள்வியில் மூன்று எண், சூத்திரத்தில் மூன்று இடம். எடுத்து அடைத்தால் விடை வந்துவிடும். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வில் கணித இரண்டாம் தாளின் கடைசிக் கேள்வி நடைமுறை வாழ்க்கைச் சூழலைப் பற்றித்தான் இருக்கும், அதில் பிள்ளைகள் திணறுவது ஏன் என்று அதுவரை எனக்குப் புரியாமலே இருந்தது. பணக் கணக்கில் கஷ்டமே எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது என்பதுதான். பெருக்குவதைக் கைத்தொலைபேசி செய்துவிடும்.

அடுத்ததாக, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை கூகல் படிவத்தில் செய்தேன். இதில் ஒரு உபாயம் நன்றாகவே வேலை செய்தது. தப்பு விடைகளை நான் கற்பனை செய்யவில்லை. பிள்ளைகள் முன்பு எழுதிய தப்பு விடைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்து, அவற்றையே தேர்வுகளாக வைத்தேன். உதாரணத்துக்கு, டைசோ கடையில் ஒரு பொருள் ஜிஎஸ்டியோடு 2.18 வெள்ளி. அதில் வரி எவ்வளவு? 18 காசு. 20 காசு என்று அழுத்தியவர் 2.18க்கே 9 விழுக்காடு போட்டிருக்கிறார், அதாவது வரி எதன் மேல் விழுகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு விடைக்கு ஒரு நோய், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஆனால் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான்கு விடையும் கண்ணெதிரே இருந்தால் பின்னாலிருந்து போட்டுப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை அழுத்திவிடுகிறார்கள். அதனால் அந்தப் படிவத்தை வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடச் சூடேற்றலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போதும் அதற்குத்தான் பயன்படுகிறது.

அப்புறம் வந்தது ஒரு தவறான பாதை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஒரு மாத வரவு செலவுத் திட்டம் போட்டு வாருங்கள் என்று வேலை கொடுத்தேன். ஒரு பெண் வண்ண வட்ட வரைபடத்தோடு அச்சடித்துக் கொண்டுவந்தாள், எல்லா எண்ணும் நூறு நூறாக முழுசாக இருந்தன, நிச்சயம் வீட்டில் நடந்த செலவு இல்லை. பின்வரிசைப் பையன் ஒன்றும் எழுதவில்லை. கேட்டதற்கு, "சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா அப்பா ஏசுவாரு சார்" என்றான். சரிதான். யார் வீட்டுச் சம்பளமும் என் சோதனைக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பதிலாகத்தான் உறை. இல்லாத ஒரு குடும்பத்தை உருவாக்கி, அவர்களுடைய காகிதங்களை ஏ4 பழுப்பு உறையில் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். 27 வயது அண்ணன் ஒருவரின் சம்பளச் சீட்டு, மின்சார, தண்ணீர் கட்டணச் சீட்டு, தொலைபேசிச் சீட்டு, கடை ரசீது, உணவக ரசீது, மடிக்கணினி விளம்பரம், மூன்று கடன் விளம்பரங்களை ஒட்டிய ஒரு தாள், நாணய மாற்றுக் கடைப் பலகை, மசேநி விகிதங்களைச் சொல்லும் ஒரு பக்கம். மொத்தம் ஒன்பது தாள். எல்லாவற்றிலும் வேண்டாத எண்கள் தாராளமாக இருந்தன: கணக்கு எண், தேதி, சென்ற மாதத் தொகை, புள்ளிகள், தள்ளுபடிக் குறியீடு. உண்மையான சீட்டு எப்படிக் குப்பையாக இருக்குமோ அப்படியே. இதைத் தயாரிக்கத்தான் அதிக நேரம் ஆனது. உண்மைச் சீட்டுகளை ஸ்கேன் செய்து பெயர்களை அழிக்கலாம் என்று முதலில் நினைத்தேன், அழித்த இடமெல்லாம் கறுப்புக் கட்டமாக நின்று 'இங்கே பார்' என்று காட்டிக்கொடுத்தது. கடைசியில் எக்செல்லில் புதிதாக வரைந்தேன். எழுத்தின் அளவு மட்டும் முக்கியம். உண்மைச் சீட்டில் விதிமுறைகள் எவ்வளவு சிறிதாக இருக்குமோ அதே அளவில் அச்சடிக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் அதுவே துப்பு.

கேள்விகள் நாலே நாலு. எதிலும் எண் கிடையாது.

முதல் கேள்வி: அண்ணன் கையில் இந்த மாதம் எவ்வளவு வரும்? சம்பளம் 2,800. மசேநி தாளில் 37, 20, 17 என்று மூன்று விகிதமும் இருக்கும். ஊழியர் பங்கு 20 விழுக்காடு மட்டும்தான் சம்பளத்திலிருந்து போகும், அது 560. முதலாளியின் 17 விழுக்காடு தனியாக, மேலே வருவது. சீட்டில் சிண்டாவுக்கு (இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு) 7 வெள்ளி பிடித்தமும் இருக்கிறது. ஆக 2,233. பாதிப் பேர் 37 விழுக்காட்டையும் கழித்து 1,764 என்று எழுதினார்கள், அண்ணன் பாவம். 7 வெள்ளியை மறந்தவர்கள் 2,240 எழுதினார்கள். இந்த இரண்டும் ஒரே மாதிரித் தப்பு இல்லை. முதலாவது மசேநி எப்படி நடக்கிறது என்பதே தெரியாதது, இரண்டாவது கண் ஓடாதது. பழைய தாளில் இரண்டுக்கும் ஒரே பெருக்கல் குறிதான் போட்டிருப்பேன்.

இரண்டாவது, மலேசியாவின் ஜோகூர் போக 200 வெள்ளியை மாற்றினால் எத்தனை ரிங்கிட் கிடைக்கும்? பலகையில் 100 ரிங்கிட்டுக்கு வாங்கும் விலை 29.80, விற்கும் விலை 30.60. கடை விற்கிறது, நாம் வாங்குகிறோம், ஆகவே 200ஐ 0.306ஆல் வகுத்தால் 653 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். மாற்றி எடுத்தவர்கள் 671. நேராகப் பெருக்கியவர்கள் 61. வெள்ளியைக் கொடுத்து அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் ரிங்கிட் வாங்கி வருவதாக எழுதியவரும் இருந்தார், அவர் மாதம் ஒரு முறையாவது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக ஜேபி (ஜோகூர் பாரு) போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்!

மூன்றாவது கேள்வி மடிக்கணினி. ரொக்க விலை 1,800. 20 விழுக்காடு முன்பணம், மீதிக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலையான வட்டி, 24 மாதத் தவணை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'மாதம் 66 வெள்ளி மட்டுமே'. கூடுதலாக எவ்வளவு போகிறது என்று கேட்டால் 144 என்று நன்றாகவே சொல்லிவிட்டார்கள், பள்ளிப் பாடத்தில் வருவதுதானே. மாட்டியது அதன் பிற்பகுதியில். மூன்று கடன் விளம்பரங்களை மலிவானதிலிருந்து வரிசைப்படுத்து என்று கேட்டிருந்தேன்: இந்தத் தவணைத் திட்டம், ஆண்டுக்கு 26 விழுக்காடு கடன் அட்டை, மாதத்துக்கு 4 விழுக்காடு உரிமம் பெற்ற கடன் நிறுவனம். வகுப்பில் பாதிக்கு மேல் 4, 5, 26 என்று வரிசைப்படுத்திவிட்டார்கள். மாதத்துக்கு 4 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு. அதற்கு மேல் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை கட்டணமும் பிடிக்கலாம், அதுவும் அந்தத் தாளிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. கடன் அட்டையின் 26ஐ மாதக் கணக்குக்குக் கொண்டுவந்தால் இரண்டே சொச்சம். எண்ணைப் பார்த்தார்கள், எந்தக் காலத்துக்கு என்று பார்க்கவில்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்த உறை போட்ட காசுக்குத் தகும்.

நான்காவதில் வேண்டுமென்றே ஒன்றை எடுத்துவிட்டேன். அண்ணன் ஊரில் இருக்கும் பாட்டிக்கு 300 வெள்ளி அனுப்பினால் பாட்டி கையில் எத்தனை ரூபாய்? ரூபாய் விலை இருக்கிறது, அனுப்பும் கட்டணம் எங்கும் இல்லை. 'கட்டணம் தெரியாமல் சரியாகச் சொல்ல முடியாது, அதிகபட்சம் இவ்வளவு' என்று எழுத வேண்டும். அன்றைக்கு அறையில் ஒரே கூச்சல். "சார் கேள்வி தப்பு", "ஒரு தாள் விட்டுப்போச்சு சார்". விட்டுப்போன தாள் எது, அதில் என்ன இருந்திருக்கும் என்று எழுதுங்கள் என்று சொன்னவுடன் கூச்சல் அடங்கி எழுத ஆரம்பித்தார்கள். அந்த வரியைக் கேள்வியிலேயே சேர்த்துவிட்டேன், இப்போது யாரும் கத்துவதில்லை.

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் உத்தேச விடையை ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். முதல் முறை எல்லா உத்தேசமும் விடைக்கு ஒட்டியே இருந்தன. யாரை ஏமாற்றுகிறார்கள்? விடையைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்து நிரப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை டைசோவில் மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கி, உத்தேசத்தை அதில் எழுதி என்னிடம் கொடுத்தால்தான் கால்குலேட்டர் என்று மேசையில் கூடையை வைத்துவிட்டேன். இப்போதுதான் நிஜ உத்தேசங்கள் வந்தன, 30, 900, 5,000 என்று. சிரிப்பு வந்தாலும் அதுதான் எனக்கு வேண்டிய தகவல். நாளடைவில் அந்த மஞ்சள் தாள்களைப் பார்த்தே யார் தேறி வருகிறார்கள் என்று சொல்ல முடிந்தது, விடைத்தாளைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை.

திருத்துவதற்கு ஓர் அக்கா உதவுகிறார், வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிகளில் பார்த்த மாதிரி 'சிறப்பான புரிதல், நல்ல புரிதல், ஓரளவு புரிதல்' என்பது போல நான்கு படியில் ஒரு மதிப்பீட்டு அட்டவணை செய்து அவரிடம் கொடுத்தேன். ஒரே விடைத்தாள் கட்டை இருவரும் தனித்தனியாகத் திருத்தினோம், ஒத்துப்போனதைவிட ஒத்துப்போகாததுதான் அதிகம். "தம்பி, நல்ல புரிதல்னா என்ன? நான் பார்த்த வரைக்கும் இந்தப் பிள்ளைக்கு நல்ல கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். அட்டவணை அன்றே குப்பைக்குப் போனது.

பதிலுக்கு ஆம், இல்லை என்று மட்டும் குறிக்கும் ஐந்து வரி. வேண்டிய எண்கள் எல்லாம் எடுக்கப்பட்டிருக்கிறதா, வேண்டாத எண் ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா, மாதமும் ஆண்டும் கலக்காமல் இருக்கிறதா, கணக்கு சரியா, விடையை உத்தேசத்தோடு ஒப்பிட்டு ஏதாவது எழுதியிருக்கிறாரா. கணக்குக்கு ஒரே ஒரு வரிதான், கவனியுங்கள். இதை வைத்துத் திருத்தியபோது அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்தது அநேகமாகக் கடைசி வரியில் மட்டும்தான். 'ஓகே' என்று எழுதினால் அது ஒப்பிட்டதா? இல்லை என்று அக்கா, சரி போகட்டும் என்று நான். அக்கா சொன்னபடியே வைத்துக்கொண்டோம்.

இன்னொரு நல்லதும் நடந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் இவர்கள், எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பள்ளிப் பிரிவுகள் எடுக்கப்பட்ட பிறகு வந்த முதல் அணி, அதனால் ஜி2 நிலைக் கணிதம் படிப்பவரும் அதைவிடக் கடினமான ஜி3 படிப்பவரும் என் அறையில் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வினாத்தாளில் ஜி3 பிள்ளைகள்தான் எப்போதும் மேலே. ஐந்து வரியாகப் பிரித்துப் பார்த்தபோது எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முதல் இரண்டு வரிகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஜி2 படிக்கும் ஒரு பெண், வார இறுதியில் குடும்பக் கடையில் நிற்பவள், நான்கு கேள்வியிலும் சரியான எண்களை எடுத்து வகுத்தலில் மட்டும் கோட்டைவிட்டிருந்தாள். 14 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் அவளுக்கு அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வைத்தேன். 14 பேருக்கு 42 நிமிடம், ஒரு மணி நேர வகுப்பில் கட்டுப்படியாகாது. ஆகவே ஏழு பேர் என்னிடம், ஏழு பேர் அக்காவிடம். கேட்டது ஒரே கேள்வி: மடிக்கணினிக்கு 23 தவணை கட்டிவிட்டீர்கள், கடைசி மாதம் நீங்கள் கட்டும் 66இல் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு?

1,440ஐ 24ஆல் வகுத்தால் மாதம் 60, வட்டி 144ஐ 24ஆல் வகுத்தால் மாதம் 6. இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் சும்மா இருந்தார்கள். அப்படியானால் அந்த மாதம் உங்களிடம் இருக்கும் கடன் எவ்வளவு என்று கேட்டதும்தான் ஒரு பையன், எழுத்தில் எல்லாம் சரியாகப் போட்டவன், கொஞ்ச நேரம் உறையையே பார்த்துவிட்டு, "அறுபது வெள்ளிக்கு ஒரு மாசத்துக்கு ஆறு வெள்ளி வட்டியா? பத்து விழுக்காடு லா சார்!" என்றான். கடன் தேயத் தேய வட்டி தேயவில்லை, முதல் நாள் கடன் மேலேயே போட்டிருக்கிறார்கள். 5 விழுக்காடு என்று எழுதியிருந்தாலும், குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 9.3 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வரும். அந்தக் கணக்கு அவர்கள் பாடத்தில் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் 5 என்பது 5 இல்லை என்று தன் வாயால் சொல்ல முடிந்ததா என்பதைத்தான் நாங்கள் குறித்துக்கொண்டோம். எழுத்தில் முழுவதும் சரியாக வந்தவர்களில் மூன்று பேரால் அதைச் சொல்ல முடியவில்லை.

இது மதிப்பெண்ணுக்கா என்று தொடக்கத்தில் கேட்டார்கள், "டபிள்யூஏ மாதிரியா சார்?" பள்ளியில் அரையாண்டுத் தேர்வு போனபின் டபிள்யூஏ என்ற அந்தச் சின்னச் சோதனைகள்தான் இவர்களுக்குப் பெரிது. மதிப்பெண் இல்லை என்றதும் இரண்டு பேர் உறையைத் தலையணையாக்கினார்கள். ஐந்து வரிச் சீட்டை அன்றே அவர்கள் கையில் கொடுத்து, 'இல்லை' விழுந்த வரியை மட்டும் அடுத்த வாரம் மறுபடி செய்யலாம் என்று சொன்ன பிறகு தூக்கம் குறைந்தது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் எனக்கே தூக்கம் வரும்.

மறுபடி செய்வதற்கு இரண்டாவது உறை வேண்டுமே. அதே தாள்கள், வேறு எண்கள். இதில் ஒரு விசித்திரம். இரண்டாவது உறையில் மடிக்கணினி 1,950, வட்டி 4.5 விழுக்காடு, மற்றதெல்லாம் அதேதான், மாதத் தவணை 70.85 வெள்ளி. முதல் உறையில் சுலபமாகச் செய்தவர்கள் இதில் தடுமாறினார்கள். அடித்து அடித்து மறுபடி போட்டிருந்தார்கள், சிலர் சரியான விடையையே அடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், விடை அசிங்கமாக வந்ததாம், அதனால் தப்பாக இருக்கும் என்று நினைத்தார்களாம். 66 என்று முழுசாக வந்தது அவர்களுக்கு ஒரு 'சரி' குறி மாதிரி வேலை செய்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே. அதனால் முதல் உறையையும் மாற்றப்போகிறேன். கடையில் எந்தச் சீட்டும் முழு எண்ணில் வருவதில்லை.

செலவு: 126 பக்கம் அச்சு, பக்கம் பத்துக் காசு, 12.60. பழுப்பு உறை இரண்டு கட்டு 4.36. மஞ்சள் ஒட்டுத்தாள் 2.18. லேமினேட் உறை நூறு உள்ள பெட்டி ஒன்று 16.90, இயந்திரம் அக்காவின் பேத்தியுடையது. மொத்தம் 36 வெள்ளி 4 காசு. இரண்டாவது உறையை லேமினேட் செய்யவில்லை, ஆகவே அதற்கு அச்சுச் செலவு மட்டும்தான்.

அடுத்த தவணைக்கு மாற்ற வேண்டியவை என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடன் விளம்பரத் தாளில் இன்னும் சின்ன எழுத்து. மின்சாரச் சீட்டை இதுவரை எந்தக் கேள்வியும் தொடவில்லை, வெறும் குப்பையாகவே கிடக்கிறது, அதற்கு ஒரு கேள்வி. பேச்சுக்கு மூன்று நிமிடம் போதவில்லை, நான்காக்கி ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம். அண்ணனுக்கு ஒரு மேலாளரையும் சேர்க்க வேண்டும், சம்பளம் 8,500. மாதச் சம்பளத்தில் குறிப்பிட்ட உச்சவரம்பு வரைதான் மசேநி பிடிப்பார்கள், ஆகவே ஊழியர் பங்கு 1,700 இல்லை, 1,600. எந்த எண்ணின் மேல் விழுக்காடு என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அந்த உச்சவரம்பு 2025இல் 7,400, 2026 ஜனவரியிலிருந்து 8,000. நான் மசேநி தாளை 2025 நவம்பரிலேயே 14 பிரதி அடித்து லேமினேட் செய்து வைத்துவிட்டேன், எல்லாவற்றிலும் 7,400 பளபளவென்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் எண்ணுள்ள தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், எடுத்து மாற்றக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போதும். மாறாதவற்றை, உணவக ரசீதை, நாணய மாற்றுப் பலகையை வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டிகூட 2022இல் 7, 2023இல் 8, 2024இல் 9 என்று மூன்று ஆண்டில் மூன்று விதமாக இருந்தது, ஆகவே ரசீதையும் யோசித்துச் செய்யுங்கள்.